அதுவாகப் போய் முகர்ந்து பார்க்கட்டும்

மார்கழிக் கடைசி. காப்பிப் பழம் பறித்து முடிகிற சமயம். வீட்டு முன்னால் களத்தில் நீலத் தார்ப்பாய் விரித்துக் காப்பியைக் காயப் போட்டிருந்தோம். மிளகு எங்களிடம் வந்து அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஒன்றரை வயதுக் கறுப்பு நாட்டு நாய். அதற்கு முன்னால் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் நாலடிச் சங்கிலியில் இரவும் பகலும் கட்டிக் கிடந்தவள். களத்தைத் தாண்டித்தான் பாதைக்குப் போக வேண்டும். காற்றில் தார்ப்பாயின் ஓரம் ஒரு தடவை படபடத்ததும் நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டாள். வால் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

பக்கத்துத் தோட்டத்துக்குப் பழம் பறிக்க வந்திருந்த அக்கா பார்த்துவிட்டு, "ரெண்டு இழுப்பு இழுங்க தம்பி, தன்னால பழகிக்கும். எங்க வீட்டு நாயெல்லாம் அப்படித்தான் பழகுச்சு" என்றார். அக்கறையோடு சொன்னதுதான். எங்கள் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான் நாயைப் பழக்குகிறார்கள். நான் இழுக்கவில்லை. கயிற்றைத் தளர்த்திவிட்டுக் களத்துத் திட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் கழுத்தை மட்டும் நீட்டினாள். பின்னங்கால்கள் ஓடத் தயாராகவே இருந்தன. மூன்றாம் நாள் ஓரத்தை முகர்ந்துவிட்டு என்னிடம் ஓடிவந்து, முழங்காலில் முகத்தை ஒரு இடி இடித்துவிட்டுத் திரும்பப் போனாள். நாலாம் நாள் முன்னங்கால் ஒன்றை வைத்தாள். பாய் சரசரத்தது. காலை எடுத்தாள். சத்தம் நின்றது. மறுபடி வைத்தாள். சரசரத்தது. எடுத்தாள். ஏழெட்டுத் தடவை இப்படியே. பிறகு பின்னால் சாய்ந்திருந்த காது மெல்ல முன்னால் வந்தது. உடம்பை ஓர் உதறு உதறிவிட்டு, களத்தின் குறுக்கே நடந்து போனாள்.

அந்த ஏழெட்டுத் தடவையில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். பயந்த நாயையோ புதிதாக வந்த நாயையோ வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு இது உதவும்.

தன் போக்கில் விடுவது என்றால்

பாதுகாப்பான ஓர் இடம். அங்கே எந்தப் பக்கம் போவது, எதை முகர்வது, எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது விலகி வருவது என்பதையெல்லாம் நாய் முடிவு செய்கிறது. நாம் கூப்பிடுவதில்லை, இழுப்பதில்லை, கையில் தீனியைக் காட்டி ஆசை காட்டுவதும் இல்லை. ஆனால் கூடவே இருக்கிறோம். அது திரும்பிப் பார்த்தால் கண்ணில் படுகிற தூரத்தில் இருக்கிறோம். அவ்வளவுதான்.

ராத்திரி சங்கிலியைக் கழற்றி ஊருக்குள் விட்டுவிடுவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே நாய்க்குத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. போகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று நமக்கும் தெரியாது. நான் சொல்வது முப்பதடிக் கயிற்றின் மறுமுனையில் ஒரு மனுஷன் இருக்கிற சுதந்திரம். கொடைக்கானலைச் சுற்றிய எங்கள் பழனி மலைத்தொடரில் நாய் வளர்க்கிறவர்கள் இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

"நான் செய்தால் மாறும்"

1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் செலிக்மேன், ஸ்டீவன் மேயர் இருவரும் நாய்களை வைத்துச் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கொடுமையான சோதனை, படிக்கும்போது இன்றைக்கும் மனசு கஷ்டப்படும். நாய்களுக்கு மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு கூட்டத்து நாய்கள் பக்கத்திலிருந்த பலகையைத் தலையால் அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு கூட்டத்துக்கும் அதே அளவு அதிர்ச்சிதான். ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லா நாய்களையும் வேறொரு பெட்டியில் விட்டார்கள். நடுவில் ஒரு தாழ்ந்த தடுப்பு. தாண்டினால் தப்பிக்கலாம். பலகையை அழுத்தப் பழகியவை தாண்டிப் போயின. எதுவுமே செய்ய முடியாமல் இருந்தவற்றில் பெரும்பாலானவை, தடுப்பு கண்ணெதிரே இருந்தும், அங்கேயே இருந்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டன.

அந்த நாய்கள் 'நம்மால் ஒன்றும் ஆகாது' என்பதைக் கற்றுக்கொண்டுவிட்டன என்றுதான் நீண்ட காலம் இதை விளக்கினார்கள். ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016இல், மூளை பற்றிய புதிய ஆய்வுகளை வைத்து அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். தொடர்ந்து கஷ்டம் வந்தால் ஒடுங்கிப் போவது உடம்பின் இயல்பான எதிர்வினை, அதை யாரும் கற்க வேண்டியதில்லை. 'நான் ஏதாவது செய்தால் நிலைமை மாறும்' என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் என்றார்கள்.

எனக்கு மிளகை இது விளக்கியது. நாலடிச் சங்கிலியில் வெயில் வந்தால் வெயில், மழை வந்தால் மழை. சத்தம் வந்தால் விலக முடியாது. பிடித்த வாசனை வந்தால் கிட்டப் போக முடியாது. ஒன்றரை வருடத்தில் அவள் செய்த எதுவும் எதையும் மாற்றியதில்லை. தார்ப்பாயில்தான் முதல் தடவையாகக் காலை வைத்தால் சத்தம், எடுத்தால் அமைதி. அதை அவளே கண்டுபிடித்தாள். நான் இழுத்துக்கொண்டு போயிருந்தால் களத்தைத் தாண்டியிருப்பாள்; பாய் பழகியிருக்கவும் கூடும். ஆனால் பழைய பாடமே இன்னொரு தடவை உறுதியாகியிருக்கும்: நடப்பதெல்லாம் எனக்கு நடப்பது, என் கையில் ஒன்றுமில்லை.

நாய்க்குத் தைரியம் வருவது என்றால் பயமே இல்லாமல் போவது என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, விலகிப் போக முடியும் என்று தெரிந்த நாய்தான் கிட்டப் போகிறது.

மூக்கு

அடுத்தது முகர்வது. நம் மூக்கில் வாசனையை உணரும் செல்கள் 50 அல்லது 60 லட்சம் என்பார்கள். நாய்க்கு இனத்துக்கு இனம் மாறும் என்றாலும் 10 கோடியைத் தாண்டும். மோப்பத்துக்குப் பேர்போன இனங்களில் 30 கோடி வரை சொல்கிறார்கள். நாய் முகரும்போது நொடிக்கு 5 தடவை போல மூச்சை இழுக்கிறது. விடுகிற மூச்சு மூக்கின் பக்கவாட்டுக் கீறல் வழியாக வெளியே போய்விடுவதால், உள்ளே வருகிற வாசனை கலைவதில்லை. இரண்டு துவாரமும் தனித்தனியாக வாசனையை எடுப்பதால், அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் தெரிந்துவிடும்.

எங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் அடியில் ஒரு பாறை இருக்கிறது. ராத்திரியில் மரநாய் வந்து காப்பிப் பழம் தின்றுவிட்டு அந்தப் பாறைமேல் எச்சம் போட்டுப் போகும். முழுக்கொட்டைகள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். நாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். மிளகு அதற்கு நாலைந்து நிமிஷம் எடுத்துக்கொள்வாள். முதலில் சுற்றி வருவாள். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வந்து நிற்பாள். கிட்ட வந்து குறுகிய மூச்சுகளாக இழுப்பாள். மூக்கு நுனி நனைந்து துடிக்கும். அப்புறம் பாறையை விட்டுவிட்டு, மரநாய் வந்த வழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு மிளகுக்கொடி ஏறின மரத்தடி வரை போவாள். தலையைத் தூக்கி மேலே பார்ப்பாள். அதுவரை நான் பேசுவதில்லை. இத்தனைக்கும் அவள் நடந்தது இருபதடி இருக்காது. வீட்டுக்கு வந்ததும் நாலு கிலோமீட்டர் ஓடிய நாய் மாதிரி தூங்குவாள்.

முகர்வது மனநிலையையே மாற்றுகிறதா என்று ஷார்லட் டுராண்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். வீட்டு நாய்கள் 20. பாதிப் பேருக்கு இரண்டு வாரம் தின்பண்டத்தை மோப்பம் பிடித்துத் தேடும் வேலை; மீதிப் பேருக்கு எஜமானின் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி. இரண்டிலும் தின்பண்டம் உண்டு. சோதனை இதுதான்: ஒரு பக்கம் வைத்த கிண்ணத்தில் எப்போதும் தீனி இருக்கும், மறுபக்கக் கிண்ணத்தில் இருக்காது என்று முதலில் பழக்கினார்கள். பிறகு கிண்ணத்தை நடுவில் வைத்தார்கள். இருக்குமா இருக்காதா என்று தெரியாத கிண்ணம். மோப்பம் பிடித்த நாய்கள் இரண்டு வாரத்துக்குப் பிறகு அதை நோக்கி முன்னைவிட வேகமாகப் போயின. ஒட்டி நடந்த நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. தெரியாத ஒன்றைப் பார்த்து 'நல்லதாக இருக்கும்' என்று எடுத்துக்கொள்ளும் மனசு முன்னவற்றுக்கு வந்திருக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

காலை நடையில் ஒவ்வொரு புதருக்கும் நிற்கிற நாயைப் பார்த்து எரிச்சல் வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு நடை என்பதே அந்தப் புதர்தான்.

நாம் எதற்கு?

எல்லாம் நாயே செய்கிறது என்றால் நாம் சும்மா நிற்பது எதற்கு என்று கேட்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அம்மா பக்கத்தில் இருந்தால் குழந்தை புது அறையில் தவழ்ந்து பொம்மைகளைத் தொட்டுப் பார்க்கும்; அம்மா வெளியே போய்விட்டால் விளையாட்டு நின்றுவிடும். மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் குழந்தைகளுக்காக அமைத்த இந்தச் சோதனையை, ஹங்கேரியில் ஜோசெஃப் டோபாலும் கூட்டாளிகளும் நாய்களுக்கு மாற்றி அமைத்து 1998இல் வெளியிட்டார்கள். நாய்களும் அப்படியே நடந்துகொண்டன. 2013இல் வியன்னாவில் லிசா ஹார்ன் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். உருட்டினால் தீனி விழும் பொம்மையை நாய்க்குக் கொடுத்து, எஜமான் அறையில் இருக்கும்போது எவ்வளவு நேரம் முயற்சி செய்கிறது, இல்லாதபோது எவ்வளவு நேரம் என்று அளந்தார்கள். எஜமான் இருந்தால் அதிக நேரம் முயன்றது. அவர் தட்டிக்கொடுத்து உற்சாகப்படுத்தினாரா, பேசாமல் உட்கார்ந்திருந்தாரா என்பது அதில் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. பழக்கமில்லாத ஆள் இருந்தபோது அந்த அளவு பலன் இல்லை.

ஆக, நாம் பேசாமல் உட்கார்ந்திருந்தாலே போதும். ஆனால் அந்த ஆள் நாமாக இருக்க வேண்டும். மிளகு தார்ப்பாயிலிருந்து ஓடிவந்து முழங்காலில் இடித்துவிட்டுப் போனாளே, அது கொஞ்சுவதற்கு வந்தது என்று அப்போது நினைத்தேன். இப்போது எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. மலைப்பாதையில் ஏறும்போது பாறையைக் கையால் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு ஏறுவோமே, அது மாதிரி. நான் அங்கே இருக்கிறேனா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

எப்படித் தொடங்குவது

முதலில் வீட்டு முற்றம் போதும். சாக்கு, சருகுக் குவியல், காய்கறி டிரே, அட்டைப்பெட்டி, பழைய பாய், இரண்டு செங்கல், இப்படி வீட்டில் கிடப்பவற்றைத் தள்ளித் தள்ளிப் போடுங்கள். காலில் பட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்க வேண்டும். அவித்த முட்டையையோ வெந்த கோழிக்கறியையோ உதிர்த்து அங்கங்கே தூவலாம். பிறகு நாயைக் கூட்டிவந்து விட்டுவிட்டு ஓரமாக உட்காருங்கள். கையில் போன் வேண்டாம். பார்க்க நிறைய இருக்கும்.

தீனி தூவுவதில் பலர் ஒரு தப்புச் செய்கிறார்கள். நானும் செய்தேன். நாய் எதைப் பார்த்துப் பயப்படுகிறதோ அதன் மேலேயே தீனியை வைத்துவிடுவது. நாய் போகும், எடுக்கும், பார்ப்பதற்குப் பயம் தெளிந்த மாதிரிதான் இருக்கும். உடம்பைக் கவனியுங்கள்: கழுத்து ஒரு முழம் நீண்டிருக்கும், பின்னங்கால்கள் வந்த இடத்திலேயே ஊன்றியிருக்கும், வாயில் தீனி விழுந்த நொடியில் பின்னால் தெறிக்கும். பசி முன்னால் இழுக்கிறது, பயம் பின்னால் இழுக்கிறது. சில நேரம் தீனியை விழுங்கின பிறகுதான் எவ்வளவு கிட்ட வந்துவிட்டோம் என்று அதற்கு உறைக்கும். அப்போது பயம் இரண்டு மடங்காகிவிடும். அதனால் தீனியை அந்தப் பொருளிலிருந்து தள்ளி, நாய் தளர்வாக இருக்கும் இடத்தில் தூவுங்கள். பொருள் அது பாட்டுக்குக் கிடக்கட்டும். வேண்டுமானால் நாய் போகும். வேண்டாமென்றால் அன்றைக்கு வேண்டாம்.

வெளியே போகும்போது கழுத்துப்பட்டையில் நீளக் கயிறு கட்டாதீர்கள். சரிவில் நாய் சட்டென்று ஓடி, கயிறு தீர்ந்தால் அந்த வெட்டு முழுக்கக் கழுத்தில் விழும். நெஞ்சையும் தோளையும் சுற்றிவரும் ஹார்னஸ் நல்லது. கயிறு இருபதிலிருந்து முப்பதடி இருக்கலாம். நான் வத்தலக்குண்டில் மாட்டுக்கயிறு விற்கும் கடையில் வாங்கி, கொக்கியை மட்டும் மாற்றிக்கொண்டேன். நுனியில் பிடிவளையம் வைக்க வேண்டாம். காப்பிச் செடித் தூரில் அது போய் மாட்டும். கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. நாய்க்கும் நமக்கும் நடுவே கயிறு எப்போதும் தொய்ந்து தரையைத் தொடட்டும். போகக் கூடாத பக்கம் நாய் போனால் சுண்ட வேண்டாம். நின்றுவிடுங்கள். கயிறு மெல்ல இறுகி நிற்கும், நாய் யோசிக்கும், திரும்பும். திரும்பியதும் நீங்களும் நடங்கள்.

இன்னொன்று, நாய் பின்வாங்கும் வழியை மறித்துக்கொண்டு நிற்கக் கூடாது. தோட்டத்துப் பாதைகள் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். நாய் முன்னால் எதையோ பார்த்துத் தயங்கும்போது நாம் பின்னால் நின்றால் அது நடுவில் மாட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் ஒதுங்கி நில்லுங்கள்.

உடம்பு சொல்வதைப் படிக்கக் கொஞ்ச நாள் ஆகும். தூக்கம் வராமல் கொட்டாவி விடுவது, சாப்பாடு இல்லாமல் உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் 'எனக்கு இது அதிகம்' என்று சொல்கிற வழிகள். நார்வே நாட்டுப் பயிற்சியாளர் துரிட் ருகாஸ் இந்த மாதிரி அடையாளங்களை நாய் வளர்ப்பவர்களிடையே பரவலாக அறியச் செய்தவர். இவற்றைப் பார்த்தால் இரண்டடி பின்னால் வாருங்கள், நாயும் வரும். நனைந்த நாய் மாதிரி உடம்பை ஓர் உதறு உதறினால், பெரும்பாலும் இறுக்கம் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். திடீரென்று பயந்தாங்கொள்ளியாக மாறிய வயதான நாய் என்றால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலி, காதுவலி, கண் மங்குவது எல்லாமே பயமாகத்தான் வெளியே தெரியும்.

திரும்பி வரும்போது

நாய் நடுவில் நின்று திரும்பிப் பார்க்கும். முதல் சில நாள் பார்க்காது; அப்புறம் பார்க்கும். அப்போது ஒரு தலையசைப்பு, மெல்ல ஒரு 'ம்'. அது போதும். நம்மிடம் வந்தால் தடவலாம். வந்ததும் பட்டையை லபக்கென்று பிடிக்கக் கூடாது.

கூப்பிட்டால் நாய் வருவதில்லை என்று புலம்புகிற வீடுகளில் கவனித்துப் பாருங்கள். நாயைக் கூப்பிடுவதே கட்டுவதற்காக மட்டும்தான் இருக்கும். பெயரைச் சொல்கிறார்கள், நாய் வருகிறது, சங்கிலி விழுகிறது. பத்து நாள் போனால் தன் பெயர் காதில் விழுந்ததும் அது நாலடி தள்ளி நிற்கும். அதன்மேல் தப்பில்லை. நான் மிளகைக் கூப்பிட்டால், வந்ததும் பட்டையைத் தொடுவேன், ஒரு துண்டு கறி கொடுப்பேன், 'சரி, போ' என்று விட்டுவிடுவேன். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை இப்படி. பத்தாவது தடவை வீட்டுக்குப் போகிறோம். சுற்ற விட்டால் நாய் கெட்டுப்போகும், சொன்ன பேச்சுக் கேட்காது என்று என்னிடம் நிறையப் பேர் சொன்னார்கள். திரும்ப விட்டுவிடுவார்கள் என்று தெரிந்த நாய்க்குத் திரும்பி வரத் தயக்கம் இருப்பதில்லை. மிளகிடம் நான் கண்டது இதுதான்.

இந்த நம்பிக்கையை நான் ஒருமுறை கெடுத்துக்கொண்டேன். தடுப்பூசிக்கு நேரமாகிவிட்டது, கீழே ஜீப் நிற்கிறது. படிக்கட்டில் தயங்கியவளைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டேன். ஒரு நிமிஷ வேலை. அடுத்த ஆறு நாள், கயிற்றைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். ஜீப் நின்ற இடத்துக்குத் தினமும் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஏழாம் நாள்தான் பின்னாலேயே வந்தாள். அவசரத்துக்குத் தூக்கத்தான் வேண்டும் என்கிற நாள் யாருக்கும் வரும். அதனால்தான் அவசரம் இல்லாத நாளிலேயே ஜீப்பை, ஊசி போடும் இடத்து வாசலை, எல்லாவற்றையும் நாயின் போக்கில் பார்க்க விட்டுவைக்கச் சொல்கிறேன்.

நம் மலையில் எங்கே விடலாம், எங்கே கூடாது

கயிறு கட்டாயம் என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். காட்டுமாட்டைப் பார்த்த நாய் குரைத்துக்கொண்டு ஓடும். காட்டுமாடு திரும்பினால் நாய் எங்கே ஓடும்? நேராக நம்மிடம்தான் வரும். கொடைக்கானல் ஊருக்குள்ளேயே காட்டுமாடு நடமாடுகிறது, தாண்டிக்குடி, கே.சி.பட்டி பக்கம் யானையும் உண்டு. சிறுத்தைக்கு நாய் பழகிப்போன இரை. அதனால் விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, பொழுது சாய்வதற்கு முன்னால். பனிமூட்டம் இறங்கினால் அன்றைக்கு முற்றத்தோடு சரி. காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியும், தீனிக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயும் வேலி ஓரங்களில் இருக்கக்கூடும். பன்றியா நாயா என்று அவற்றுக்குத் தெரியாது. பீன்ஸ், உருளைக்கிழங்குத் தோட்டங்களில் மருந்து அடித்த நாள் தெரியாமல் நாயை விடாதீர்கள்.

காட்டுக்குள் நாயைக் கூட்டிப் போவதே கூடாது. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. அங்கே மட்டுமில்லை, எந்தச் சோலைக்காட்டுக்கும் இது பொருந்தும். நாயின் மோப்பச் சுகத்துக்காக ஒரு கேளையாட்டுக் குட்டியைத் துரத்த விடுவது நியாயமில்லை. நாயிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் காட்டு விலங்குகளுக்குத் தாவும். தடுப்பூசி போட்ட நாய், கயிற்றில், நம் தோட்டத்திலோ தெரிந்தவர் தோட்டத்திலோ என்றால் இரண்டு பக்கமும் பயமில்லை.

தின்னக் கூடாதவை இங்கே கொஞ்சம் அதிகம். பூம்பாறைப் பக்கம் போனால் வாசலுக்கு வாசல் மலைப்பூண்டு காய்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய நம் பூண்டு நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கொடைக்கானல் வந்துபோகிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் சாக்லேட் உறையும் ஆபத்து. காப்பிக் கொட்டையும்கூட, அதிலுள்ள காஃபீனால். மிளகு மரநாய் எச்சத்தை முகரலாம், வாயில் எடுக்க விடுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் காது மடல், விரலிடுக்கு, வால் அடி மூன்றிலும் உண்ணி பாருங்கள்; மழைக்காலத்தில் அட்டையும்.

குட்டியாக இருந்தால்

குட்டிகளுக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு, பதினாலாவது வாரம் வரைக்கும் உலகம் திறந்திருக்கும். அப்போது பார்த்தது, கேட்டது, மிதித்தது எல்லாம் பிற்காலத்தில் சாதாரணமாகிவிடும். அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் நாய்க்குட்டிகளை வைத்துப் பல வருடம் ஆராய்ந்து சொன்னது இது. தடுப்பூசி முடியாத வயது என்பதால் தெருவில் இறக்கிவிட முடியாது. கூடையில் வைத்து டீக்கடை வரை தூக்கிப் போகலாம். பஸ் சத்தமும் பால்கேன் சத்தமும் கேட்கட்டும். வீட்டு முற்றத்தில் அதுவாகத் திரியட்டும். படிக்கட்டில் ஏறத் தவித்தால் உடனே தூக்கிவிடாதீர்கள், ஒரு நிமிஷம் பாருங்கள்.

இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிற நாய்களும் நம் ஊரில் இருக்கின்றன. எங்கள் டீக்கடை வாசலில் படுத்திருக்கும் செவலையைப் பாருங்கள். பஸ் திரும்பும் வளைவில் எப்போது எழுந்திருக்க வேண்டும், எந்த ஆளின் காலடியில் படுக்கலாம், எந்த ஆள் வந்தால் நகர வேண்டும் என்று எல்லாமே அதன் கணக்கு. அதற்குச் சோறும் ஊசியும் குறைவு, உண்ணி அதிகம், அந்த வாழ்க்கையை நான் அழகாக்கிச் சொல்லவில்லை. ஆனால் கேட் போட்ட வீட்டு நாய்கள் பலவற்றிடம் இல்லாத ஒரு நிதானம் அதனிடம் இருக்கிறது. தினமும் நூறு முடிவுகளை அது தானே எடுக்கிறது.

தினமும் இருபது நிமிஷம் கிடைத்தால் போதும். ஒரு மாதத்தில் என்ன தெரியும் என்று கேட்டால், முதலில் தெரிவது தைரியம் இல்லை. பயந்த பிறகு மீண்டு வரும் நேரம் குறையும். மிளகு வந்த புதிதில் ஒரு பாத்திரம் விழுந்தால் அன்றைக்கு முழுக்கக் கட்டிலுக்கு அடியில்தான். இரண்டு மாதத்தில் அது பத்து நிமிஷமானது. தீபாவளி வெடியில் எல்லாம் பழையபடி ஆகி, திரும்ப முற்றத்திலிருந்தே தொடங்கினோம். இரண்டாவது தடவை சீக்கிரம் தேறினாள்.

கேஸ் சிலிண்டர் வண்டி மட்டும் இன்னும் ஆகவில்லை. கல் பாதையில் சிலிண்டரை உருட்டும் சத்தம் கேட்டால் கொல்லைக்கு ஓடிவிடுவாள். சிலிண்டர் போடும் அண்ணன் நல்லவர், "உருட்டாம தூக்கிட்டு வரட்டுமா?" என்று அவரே கேட்டார். எதற்கு அவருக்குச் சிரமம் என்று வேண்டாம் சொல்லிவிட்டேன். நேற்று வண்டி வந்தபோது மிளகு கொல்லையிலிருந்து சமையலறைப் படிவரை வந்து நின்றாள். காது பின்னால்தான் இருந்தது. மூக்கு மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. அப்புறம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் 'ம்' என்றேன்.